செங்கம் சாலையில் ஒரு யாழ்



எங்கள் வீடு திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவரும் மக்கள் எங்கள் தெருமுனையைக் கடந்துதான் செல்வார்கள். அந்த இரவுகளில் வாசலில் இரண்டு பானைகளில் தண்ணீர் வைப்பது அத்தாவின் காலத்திலிருந்து வரும் வழக்கம். யார் குடித்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. காலையில் பானை காலியாகியிருக்கும். கழுவிக் கவிழ்த்து வைப்போம். வீட்டில் நடக்கும் பல வேலைகளுள் ஒன்றாகவே இதை எண்ணியிருந்தோம். எங்கள் மூத்த மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டில்தான் அந்தப் பானைகளைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கும்படி ஆயிற்று. அதற்குக் காரணம் ஒரு யாழ்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் விருந்தோம்பலைப் பேசும் இயலில் மலைபடுகடாம் பாடமாக இருக்கிறது. பத்துப்பாட்டில் பத்தாவது நூல், 583 அடிகள், பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். கூத்தராற்றுப்படை என்ற மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகப்படுத்தியதால் அந்தப் பெயர். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா. எங்கள் வாசலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் இருக்கும் இன்றைய செங்கமே அது. பாட்டில் வரும் நவிரமலையைக் கலசப்பாக்கம் வட்டத்திலுள்ள பருவதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பாட்டில் ஓடும் சேயாறு, சவ்வாது மலையில் பிறந்து செங்கத்தைத் தொட்டுச் செல்லும் நம் செய்யாறுதான்.

மகள் அன்று மாலை பள்ளியிலிருந்து வந்ததும், "அத்தா, அந்தப் பாணர்கள் எல்லாம் நம்ம ரோட்டிலதான் போயிருப்பாங்களோ?" என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்த இரவு இருவரும் பாடநூலை வாங்கிப் படித்தோம். பிறகு முழு நூலையும் உரையோடு தேடிப் படித்தோம்.

பள்ளியின் தமிழ் மன்ற விழாவில் மலைபடுகடாத்தை நடித்துக் காட்டப் போகிறார்கள் என்றும், யாழ் ஏந்தி வரும் பாணர் மகளாகத் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றும் மறுவாரம் சொன்னாள். அட்டையில் வெட்டிய யாழ் வேண்டாம். நரம்பு கட்டி ஒலிக்கக்கூடிய யாழையே செய்துவிடலாம், இவளே அதை மீட்டட்டும் என்பது ஆசிரியையின் விருப்பம்.

பிள்ளைகளின் நன்னி அப்போது தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். விரல் நின்றது. "நரம்பு வாத்தியமா? நம்ம வீட்டுப் பிள்ளையா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் எங்களோடு சரியாகப் பேசவும் இல்லை.

நன்னியின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட எங்களால் முடியவில்லை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். இசைக்கருவிகளை மது, விபச்சாரம் முதலியவற்றோடு சேர்த்து எச்சரிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான அறிஞர்கள் நரம்புக் கருவிகளைத் தவிர்க்கவே சொல்லியிருக்கிறார்கள். திருமணத்திலும் பெருநாளிலும் தஃப் அடிப்பதற்கு மட்டும் இடம் உண்டு. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். இனிய ஓசை என்பதற்காகவே ஓர் ஓசை விலக்கப்படுவதில்லை என்று வாதிடும் அவரும், நரம்புக் கருவிகளை மது அருந்துவோரின் அடையாளம் என்பதால் விலக்கினார். ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் இதில் மாறுபட்டார். தடை பற்றிய அறிவிப்புகள் உறுதியாக இல்லை என்பது அவர் கருத்து. இவ்வளவும் சொல்லிவிட்டு ஹஜ்ரத், "பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். எதைச் செய்தாலும் தொழுகை தவறக் கூடாது, உங்கள் தாயாரின் மனம் முறியக் கூடாது" என்றார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எங்கள் இருவருக்குள்ளும் கருத்து ஒன்றாக இல்லை. ஒருவருக்கு, பிள்ளை படிக்கும் பாடத்தை எதற்குத் தடுப்பது என்ற எண்ணம். மற்றவருக்கு, பெரும்பான்மை அறிஞர்கள் தவிர்த்ததை மேடையில் ஏற்றுவானேன் என்ற எண்ணம். முடிவெடுக்காமலேயே வீடு திரும்பினோம்.

இதற்கிடையில் யாழ் உருவாகத் தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் கதவு, நிலை செய்யும் ஆசாரி ஒருவர் பலாமரத் துண்டைக் குடைந்து பத்தர் செய்து தந்தார். ஒலியைத் தாங்கிப் பெருக்கும் குடம்தான் பத்தர். பொருநராற்றுப்படையைப் பாடிய முடத்தாமக்கண்ணியார் அந்தப் பத்தரின் வடிவத்தை மானின் குளம்பு மண்ணில் பதிந்த தடத்துக்கு ஒப்பிடுகிறார். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்குமாம். அதிலிருந்து வளைந்து எழும் தண்டுக்குக் கோடு என்று பெயர்; மருப்பு என்றும் சொல்வார்கள். தலை தூக்கிய பாம்பைப் போன்றது என்கிறார் புலவர். நரம்புகளைக் கோட்டோடு இறுக்கிக் கட்டும் வார்க்கட்டுகள் திவவு. அவற்றை மேலும் கீழும் நகர்த்தித்தான் சுருதி கூட்ட வேண்டும். வீணையில் இருப்பதுபோல் விரலால் அழுத்தும் மெட்டுகள் யாழில் இல்லை. ஒவ்வொரு நரம்புக்கும் ஒரே ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண்ணிக்கை சொல்வார்கள். ஆசாரி 7 நரம்புக்கு ஒப்புக்கொண்டார்.

பத்தரின் வாயை மூடத் தோல் வேண்டும் என்று அவர் வந்து நின்றது எங்கள் வாசலில்தான். அத்தா தோல் மண்டி வைத்திருந்தவர். உப்பிட்ட ஆட்டுத்தோலைச் சேர்த்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் அனுப்புவதுதான் எங்கள் குடும்பத்தின் பிழைப்பாக இருந்தது. பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் ஆகும். அதில் ஒலி எழும்பாது. முடி நீக்கிய பச்சைத்தோலை ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துக் கட்டி, நிழலில் உலர்த்தினால்தான் அது பேசும். பொத்தல் இல்லாத, கத்தி படாத மெல்லிய தோல் ஒன்றை நாங்கள் தேர்ந்து கொடுத்தோம். மேளம் கட்டும் பெரியவர் ஒருவர் அதைப் போர்த்தித் தந்தார். இரண்டு நாள் கழித்து மகள் அதை விரலால் தட்டியபோது வீட்டுக்குள் ஒரு சின்ன ஓசை எழுந்தது. அடுக்களையிலிருந்து நன்னி எட்டிப் பார்த்தார். "இது பக்கிரிசா தாயிரா மாதிரியில்ல இருக்கு" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அது.

நன்னியின் சிறுவயதில் ரமளான் இரவுகளில் ஸஹருக்கு எழுப்ப பக்கீர் ஒருவர் தாயிரா அடித்துப் பாடிக்கொண்டு வருவாராம். வீட்டுக்கு வீடு நின்று, வீட்டாரின் பெயர் சொல்லி எழுப்புவாராம். பெருநாளன்று அவருக்கு அரிசியும் துணியும் கொடுப்பார்களாம். வட்டம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். அதே பெயரில் அதே தோல்கருவி மத்திய ஆசியாவில் தஜிகிஸ்தானில் இன்றும் ஒலிக்கிறது. அவர்கள் தோயிரா என்கிறார்கள்.

தஜிகிஸ்தானைப் பற்றி நாங்கள் தேடிப் படித்ததும் இதனால்தான். அங்கே பாமிர் மலைப்பகுதியில் ருபாப் என்னும் நரம்புக் கருவி உண்டு. ஒரே மரத்துண்டைக் குடைந்து, வாயில் தோல் போர்த்தி, நரம்பு கட்டுகிறார்கள். அந்த மலைமக்கள் பெரும்பாலோர் இஸ்மாயிலி பிரிவைச் சேர்ந்த முஸ்லிம்கள். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், விளக்கேற்றி அமர்ந்து, ருபாபை மீட்டி, இறைவனையும் நபியையும் நபியின் குடும்பத்தாரையும் புகழும் மத்தோ என்னும் பாடல்களைப் பாடுவார்கள். துக்க வீட்டாரைத் தனியே விட்டுவிடாமல் ஊரே கூடியிருக்கும் இரவு அது. ருபாப் செய்வதும் மீட்டுவதும் 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளும் இணைந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. நம்முடைய சுன்னத் ஜமாஅத் வழக்கம் வேறு. மய்யித்து வீட்டில் நாம் யாஸீன் ஓதுகிறோம். அவர்கள் செய்வதை நாமும் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு மலைநாட்டு மக்கள் தங்கள் கருவியைத் தங்கள் வாழ்வோடு எவ்வளவு இறுகக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது, நம் மலைநாட்டின் கருவிக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி எழுந்தது.

யாழ் மறைந்துவிட்டது. அதை மீட்டிய பாணர்குடியும் சிதறிப் போயிற்று. திருஞானசம்பந்தரோடு சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஒரு பாட்டை யாழில் அடக்க முடியாமல் அந்த யாழையே உடைக்க ஓங்கினார் என்று பெரியபுராணம் சொல்லும். பின்னர் வந்த வீணை யாழின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஒரே நரம்பில் பல சுரங்களைப் பிடிக்கும் வசதி அதில் இருந்தது. யாழ் சொல்லாகவும் கோயில் சிற்பமாகவும் மட்டும் எஞ்சியது. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அண்மைக் காலத்தில் தருண் சேகர் என்ற இளைஞர் சங்கப் பாடல்களின் வருணனையைக் கொண்டு யாழை மீண்டும் செய்து ஒலிக்கவைத்திருக்கிறார்.

அந்தக் கருவியின் பயன் என்னவாக இருந்தது? பாலைப்பண்ணை யாழில் கேட்டதும் வழிப்பறி செய்யும் கள்வரும் ஆயுதத்தைக் கைவிட்டு, அருளுக்கு மாறான தங்கள் கொடுமையிலிருந்து விலகுவார்கள் என்று பொருநராற்றுப்படை கூறுகிறது. மலைபடுகடாத்தில் யாழும் பிற கருவிகளும் ஏழைகளின் அடையாளச் சீட்டுப்போல் இருக்கின்றன. கருவி சுமந்து வருபவரைப் பார்த்ததும் மலைமக்கள் கதவைத் திறக்கிறார்கள். நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதும். சொந்த வீட்டுக்குள் செல்வதைப் போல் நிற்காமல் நுழையலாம் என்று வழிகாட்டுபவன் உறுதி சொல்கிறான். உறவினரைப் போல் இனிய சொல் சொல்லி, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்களாம். மூங்கிலரிசியும் அவரையும் புளியும் சேர்ந்த கூழ் கிடைக்கும் இடத்தையும் சொல்கிறான். எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே பாம்பு கிடக்கும் என்பதும் அவன் சொல்லில் இருக்கிறது. தான் பெற்றதைப் பிறரும் பெறட்டும் என்று வழி சொல்லும் ஒருவன், வந்தவர் யாரென்று துருவாமல் உணவளிக்கும் பலர்: எங்கள் மாவட்டத்தின் மிகப் பழைய பாட்டு இதைத்தான் பேசுகிறது.

இதைப் படித்தபோது எங்களுக்கு இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் நினைவு வந்தது. அறிமுகமில்லாதவர்கள் ஸலாம் சொல்லி வருகிறார்கள். அவர்கள் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, விருந்தினருக்குத் தெரியாமல் வீட்டாரிடம் சென்று, கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார்கள். 51ஆவது அத்தியாயமான அத்தாரியாத்தில் இதை ஓதியிருக்கிறோம். ஜகாத் பெறத் தகுதியுடையவர்களாகத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்லும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். நம் மார்க்கம் ஃபர்ளாக்கிய ஒன்றை, இதே மண்ணில் பெயர் தெரியாத மலைவாணர்கள் வழக்கமாக வைத்திருந்தார்கள். அத்தாவின் தண்ணீர்ப் பானைகளுக்கு இரண்டு வேர்கள் இருந்ததை அன்றுதான் அறிந்தோம்.

அந்த வியாழன் இரவு நன்னியை உட்காரவைத்து மகளே இதையெல்லாம் சொன்னாள். யாழை நியாயப்படுத்தி அவள் வாதாடவில்லை. மலையேறும் அந்தக் கூட்டத்தின் கதையைச் சொன்னாள். கருவிகளை எல்லாம் பைகளில் கட்டித் தோளில் தொங்கவிட்டிருப்பார்கள், பார்ப்பதற்குக் கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் இருக்கும் என்று புலவர் சொல்வதையும் சொன்னாள். நன்னி சிரித்தார். பிறகு, "பசிச்சு வந்தவங்களுக்குச் சோறு போட்டது நல்ல காரியம். ஆனா எனக்கு அந்த நரம்பு மனசுக்கு ஒப்பலம்மா. நான் மாத்திச் சொல்லமாட்டேன்" என்றார்.

மகள் சற்று நேரம் யாழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் அவளே ஒரு வழி சொன்னாள். பாணர் மகளாக வேடமிட்டு மீட்டிப் பாடப் போவதில்லை. வழி சொல்பவனின் பகுதியைத் தான் பேசுகிறாள். யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குகிறாள். மறைந்துபோன ஓசை எப்படி இருந்திருக்கும் என்று அவையோர் அறிய, ஏழு நரம்பையும் ஒருமுறை மட்டும் தொட்டுக் காட்டுகிறாள். பாட்டுப் பகுதியை அவளுடைய தோழி எடுத்துக்கொள்வாள். அஸர் தொழுகைக்கு வீடு திரும்ப வசதியாகத் தன் பகுதியை முதலில் வைக்கும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொள்வாள். ஆசிரியை மறுக்கவில்லை.

இந்த முடிவிலும் குறை காண்பவர்கள் இருக்கலாம். ஒருமுறை தொட்டாலும் தொட்டதுதானே என்று சிலர் கேட்பார்கள். பிள்ளையின் ஆர்வத்தை இப்படிப் பாதியில் நிறுத்த வேண்டுமா என்று வேறு சிலர் கேட்பார்கள். இரண்டு கேள்விகளும் எங்கள் வீட்டுக்குள்ளேயே எழுந்தவைதாம். எங்கள் இருவரின் கருத்தும் இன்றுவரை முழுதாக ஒன்றாகவில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பெண் தன் மார்க்கத்தையும் தன் மொழியையும் தன் நன்னியையும் ஒருசேர மனத்தில் வைத்து ஒரு முடிவுக்கு வந்தாள். அதற்குமேல் அவளிடம் வேறொன்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

விழா நாளன்று ஃபஜ்ருக்குப் பிறகு யாழை எதில் சுற்றி எடுத்துச் செல்வது என்று தேடினோம். நன்னி தன் பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார். பழைய பச்சைப் போர்வையை வெட்டி, இரவு விளக்கில் கையாலேயே தைத்திருக்கிறார். வளைந்த கோட்டுக்கு ஏற்பப் பையும் வளைந்திருந்தது. தோளில் மாட்ட அகலமான வாரும் இருந்தது. நாங்கள் வியந்து நின்றதைப் பார்த்து, "நான் வரல. என் பேச்சு பேச்சுதான். ஆனா பிள்ளை சுமந்துக்கிட்டுப் போறா, வாரு தோளை அறுக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டுக் குர்ஆனை விரித்து அமர்ந்துகொண்டார்.

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸலாம் சொல்லி, செங்கம் சாலையில் இறங்கி நடந்தாள். நாங்கள் வாசலில் நின்று, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்தோம். அன்று மாலை பௌர்ணமி. உள்ளே வந்து பானைகளைக் கழுவி நிரப்பினோம்.

பேசும் மொழியாலும் வாழும் ஊராலும் நமக்கு வாய்த்த நன்மைகளை அறிந்து நன்றி செலுத்துவோராகவும், கருத்து மாறுபட்டாலும் உறவை முறிக்காதோராகவும் வல்ல இறைவன் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன். எது சரி என்பதை அல்லாஹ்வே மிக அறிந்தவன்.